ஸ்டெல்லாவின் எழுத்தில் தப்பு தேடியவன்

முதலில் ஸ்டெல்லாவிடம்தான் கேட்டிருக்கிறார்கள். இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். நான் வேலை பார்த்த பட்டுக் கடையின் டிசைன் ரூமில் இப்போது கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்குத் தமிழில் பிழையில்லாமல் எழுத வரவில்லையாம். போன் எடுத்துக் கொடுக்கிற வார்த்தையை அப்படியே போட்டுவிடுகிறார்கள். அது புடவையில் ஏறிவிடுகிறது. பிறகு கல்யாண வீட்டார் வந்து கடையில் சத்தம் போடுகிறார்கள். “முப்பது வயசுக்கு மேல எழுத்துப் பிழையெல்லாம் திருந்துமா மேடம்?” என்று ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கிறார்கள். “அத மனோகரண்ணா கிட்ட கேளுங்க. நாப்பதுக்கு மேல கத்துக்கினவரு அவருதான்” என்று அவள் என் பக்கம் கைகாட்டிவிட்டாள்.

ஓய்வு பெற்ற பிறகும் பாருங்கள், அவள் சொல்லித்தான் என்னிடம் வருகிறார்கள். இருக்கட்டும். கேட்டார்கள், எழுதுகிறேன். ஸ்டெல்லா என்னைவிட வயதில் சின்னவள், தங்கை முறை வைத்துப் பழகியவள், அதனால் அவள் என்றே எழுதுகிறேன். மரியாதைக் குறைவு இல்லை. மரியாதை கொஞ்சம் கூடுதலாக இருந்ததுதான் என் கஷ்டமே.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். எங்கள் அப்பா ஆரணியில் தறி வைத்திருந்தார். எனக்குத் தறியில் உட்காரப் பொறுமை இல்லை, படம் வரைய மட்டும் கை வந்தது. அதனால் டிசைன் ரூமில் சேர்த்துவிட்டார். சேர்ந்த புதிதில் பென்சில் சீவினேன், பிறகு கட்டம் எண்ணினேன், பிறகு மாங்காய், பிறகு மயில். கிராப் தாளில் கட்டம் கட்டமாக நான் மயில் வரைந்தால், அதைப் பார்த்து அட்டையில் ஓட்டை குத்துவார்கள். அந்த அட்டைகளை நூலில் கோத்துத் தறியின் மேலே மாட்டினால் புடவையில் மயில் வரும். மயிலுக்கு எழுத்துப் பிழை கிடையாது. அதுவரை நான் நிம்மதியாகத்தான் இருந்தேன்.

அந்த நிம்மதியைக் கெடுத்தது கல்யாண வீட்டார்தான். பெண்ணின் பெயரும் மாப்பிள்ளையின் பெயரும் புடவையில் சரிகையாக வர வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஒரு வீட்டில் கேட்டால் அதைப் பார்த்து அடுத்த வீட்டில் கேட்பார்கள். வந்தவாசியிலிருந்தும் தேவிகாபுரத்திலிருந்தும் பஸ் ஏறி வந்து, பெயர் எழுதின பட்டு இருக்கிறதா என்று விசாரித்தார்கள். முதலாளி பெயர் எழுதுவதற்கென்றே ஒரு ஆளைப் போட்டார். அதுதான் ஸ்டெல்லா. பி.ஏ. தமிழ் படித்தவள். எனக்கு எதிர் மேசை.

ரூமுக்குப் பெரியவர் கோவிந்த மாஸ்டர். அவர் யாரையும் திட்டியதில்லை. திட்டினால்கூடத் தேவலை. தாளைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தால் மூக்குக் கண்ணாடி வழியாக மேலும் கீழும் பார்ப்பார். தப்பு என்றால் கண்ணாடியைக் கழற்றி, மடித்து, சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவார். எங்கே தப்பு என்று சொல்ல மாட்டார். நாமாகத் தேடிக் கண்டுபிடித்து, புதுத் தாளில் வரைந்துகொண்டு வர வேண்டும். சரி என்றாலும் ஒன்றும் சொல்ல மாட்டார். “ம், அடுத்தது” என்பார். அந்த ‘ம்’மைக் கேட்பதற்காக நான் மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டிருக்கிறேன்.

பெயர் எழுத ஆரம்பித்ததும் மாஸ்டர் ஒரு சட்டம் போட்டார். எழுதியவர் வாசிக்கக் கூடாது. ஒருவர் எழுதினால் இன்னொருவர்தான் வாசித்துப் பார்க்க வேண்டும். வாசிப்பதற்கும் ஒரு முறை வைத்திருந்தார். தாளின் மேல் ஸ்கேலை வைத்து, பெயரின் கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்துக்கு நகர்த்திக்கொண்டு வர வேண்டும். ஒவ்வொரு எழுத்தையும் தனியாக, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கல்யாணப் பத்திரிகையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒத்துப் பார்க்க வேண்டும். முன்னாலிருந்து படித்தால் கண் அவசரப்பட்டு, இருக்க வேண்டியதைப் படித்துவிடும், இருப்பதைப் படிக்காது என்பார். வாசித்தவருக்குத் திருப்தி என்றால் தாளின் மூலையில் சிவப்பு மையில் ஒரு புள்ளி வைப்பார். புள்ளி இல்லாத தாளை அட்டை குத்தும் பழனி தொடவே மாட்டான். நெய்த பட்டைப் பிரிக்க முடியாது, முகூர்த்தத்தைத் தள்ளிப்போட முடியாது, அதனால் அந்தப் புள்ளிக்கு அவ்வளவு மதிப்பு.

ஸ்டெல்லா எழுதினாள், மாஸ்டர் வாசித்தார், புள்ளி வைத்தார். நான் எதிரே உட்கார்ந்து மயிலுக்கு வால் வரைந்துகொண்டிருந்தேன். என் மயிலைப் பார்த்து வந்தவர்கள் எல்லாம் இப்போது அவள் மேசையைச் சுற்றி நின்றார்கள். கல்யாணப் பெண்கள் தங்கள் பெயரைக் கட்டங்களில் பார்த்து வெட்கப்பட்டுச் சிரித்தார்கள். யாராவது மயிலைப் பார்த்து வெட்கப்படுவார்களா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அதை நான் தாங்கியிருப்பேன். தாங்க முடியாதது என் மகள் விஷயம்.

ஷீபா அப்போது ஐந்தாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டதும் நேரே டிசைன் ரூமுக்கு வந்துவிடுவாள், என்னோடு சைக்கிளில் வீட்டுக்குப் போவதற்கு. உள்ளே வந்ததும் என் மேசையைத் தாண்டி ஸ்டெல்லாவிடம் போவாள்.

“அத்தை, நாளைக்கு டிக்டேஷன். இதுக்கு எந்த ‘ல’ போடணும்?”

ஸ்டெல்லா பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பாள். இரண்டு பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒருநாள் நான் பொறுக்க முடியாமல், “என்னயும் கேக்கலாமில்ல?” என்றேன்.

“உனக்குத் தெரியாதேப்பா” என்றாள் ஷீபா. குழந்தை கேலியாகச் சொல்லவில்லை. வெயில் அடிக்கிறது என்பதுபோலச் சொல்லிவிட்டுத் திரும்பவும் ஸ்டெல்லா பக்கம் குனிந்துகொண்டாள்.

அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். என் மகள் ஒரு வார்த்தைக்கு என்னிடம் வந்து நிற்க வேண்டும். அதற்காகத்தான் நாற்பதுக்கு மேல் எழுத்துப் பழக ஆரம்பித்தேன். தமிழ்ப் பற்று, அறிவு வளர்ச்சி என்றெல்லாம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சுத்தமான வயிற்றெரிச்சல்.

எப்படிப் பழகினேன் என்பதுதான் பிள்ளைகள் கேட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் பேப்பர் படித்துப் பார்த்தேன். பிரயோஜனம் இல்லை, கண் வேகமாக ஓடிவிடுகிறது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் சபையோடு பாடிக்கொண்டிருந்தபோது ஒன்று கவனித்தேன். எனக்குப் பாட்டெல்லாம் மனப்பாடம், புத்தகத்தைத் திறந்ததே இல்லை. அன்று சும்மா திறந்து வைத்துக்கொண்டேன். எங்கள் சபையில் பாட்டை இழுத்து இழுத்துத்தான் பாடுவார்கள். ஒரு எழுத்தை வாய் இழுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் கண் அந்த எழுத்தின் மேலேயே நிற்கிறது. அது சின்ன ‘ர’வா பெரிய ‘ற’வா என்று நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். நான் இத்தனை வருடமாக வேறு எழுத்தை நினைத்துக்கொண்டு பாடிய வார்த்தைகள் எத்தனையோ அதில் இருந்தன. அதிலிருந்து கடைசி பெஞ்சில் புத்தகத்தோடு உட்கார ஆரம்பித்தேன். போதகர் எனக்குப் பக்தி முற்றிவிட்டதென்று சந்தோஷப்பட்டார். ஸ்டெல்லா வேறு சர்ச்சுக்குப் போகிறவள், அதனால் அவளுக்கு விஷயம் தெரியாது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

வார நாளில் வீட்டில் பயிற்சி. ஷீபாவின் பழைய புத்தகங்களை எடுத்து வசந்தாவிடம், அதாவது என் மனைவியிடம், கொடுத்து வார்த்தை சொல்லச் சொல்வேன். அவள் அரிசி களைந்துகொண்டே சொல்வாள்.

“ஜல்தி எழுதுய்யா. நீ ஒரு வார்த்த எழுதறதுக்குள்ள உலை கொதிச்சு அடங்கிடுது.”

“இரு, இரு. யோசிச்சிகினு இருக்கேன்.”

“பரீட்சையா எழுதற? இந்த வயசுல இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு?”

காரணத்தை அவளிடம் சொல்லவில்லை. தப்பாக எழுதிய வார்த்தையை மூடிவைத்துவிட்டு, பார்க்காமல் மறுபடி எழுதுவேன். பார்த்து எழுதினால் அது வெறும் வரைதல், எனக்குத்தான் வரையத் தெரியுமே. மறுநாள் சைக்கிள் மிதிக்கும்போது ஹேண்டில்பாரில் விரலால் அதையே எழுதிக்கொண்டு போவேன். நாளுக்கு நாலைந்து வார்த்தைதான். பேராசைப்பட்டு நிறைய எடுத்த நாட்களில் எல்லாம் குழம்பிப் போனது. திருந்துமா என்று கேட்டால், திருந்தும். ஆனால் புடவை நெய்கிற வேகத்தில்தான் திருந்தும், மிஷின் வேகத்தில் திருந்தாது. எனக்கு எழுத்து பிடிபடுவதற்குள் ஷீபா பத்தாவது முடித்துவிட்டாள். அதற்குள் அவளுக்கு டிக்டேஷனும் இல்லை, சந்தேகமும் இல்லை. என்னிடம் வந்து நிற்க ஒரு வார்த்தையும் மிச்சம் இல்லை.

கற்றது வீணாகிவிட்டதே என்று இருந்த நேரத்தில் மாஸ்டருக்குக் கண்ணில் புரை விழுந்தது. ஆபரேஷனுக்குப் பிறகும் சின்னக் கட்டங்கள் அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. ஒருநாள் ஸ்டெல்லா எழுதிய தாளை என் முன்னால் நகர்த்தி, “நீ வாசி மனோகரா” என்றார். ஸ்டெல்லா நிமிர்ந்து பார்த்தாள். நான் ஸ்கேலை வைத்து, கடைசியிலிருந்து ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். மாஸ்டர் கண்ணை மூடிக் கேட்டார். “ம், அடுத்தது” என்றார். எனக்கு எப்போது வந்தது இந்த எழுத்து என்று அவர் கேட்கவே இல்லை.

அதிலிருந்து அவள் எழுதினால் நான் வாசித்தேன், நான் எழுதினால் அவள் வாசித்தாள். என் தாளில் அவள் பலமுறை தப்பு கண்டுபிடித்தாள். அதையும் சத்தமாகச் சொல்ல மாட்டாள். பென்சிலால் லேசாக ஒரு கோடு போட்டு, “ண்ணா, இத மட்டும் ஒருவாட்டி பாத்துடுங்க” என்பாள். அந்தத் தன்மையான குரல்தான் எனக்கு அதிகமாக எரிந்தது. அவள் தாளில் நான் ஒரு தப்பும் கண்டதில்லை. வருடக்கணக்காகத் தேடினேன். எழுத்து சரி, கொம்பு சரி, கால் சரி, புள்ளி சரி. இவள் என்ன மனுஷியா என்று நினைத்துக்கொண்டு சிவப்புப் புள்ளி வைப்பேன்.

இப்படி இருக்கையில் ஷீபாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அவள் வேலூரில் வங்கி வேலையில் இருந்தாள், மாப்பிள்ளை அருள் அங்கேயே ஆசிரியர். கல்யாணப் புடவை எங்கள் கடையில்தான், அதில் சந்தேகமே இல்லை. பெயரை முந்தானையில் போட வேண்டும் என்று ஷீபா கேட்டாள். அதுவரை நாங்கள் பார்டரிலும் பிளவுஸ் முதுகிலும்தான் பெயர் போட்டிருந்தோம். முந்தானையில் பெரிய எழுத்தில் போடுவது அதுதான் முதல். நான் மனதுக்குள் எழுத்தின் அகலம் உயரமெல்லாம் கணக்குப் போட்டுவிட்டேன். என் மகள் பெயரை என் கையால், பிழையில்லாமல், சரிகையில். இதற்காகத்தானே இத்தனை பாடு.

சாப்பிடும்போது ஷீபா சொன்னாள். “அப்பா, பேர மட்டும் ஸ்டெல்லா அத்தை எழுதட்டும். நீ வாசிச்சுப் பாரு.”

கையிலிருந்த கவளத்தைத் தட்டில் போட்டேன். “ஏன், என் எழுத்துக்கு இன்னா கொறச்சல்?”

“கொறச்சல்னு யாருப்பா சொன்னது? அத்தை எழுதட்டுமே.”

“மயிலு?”

“மயிலு நீதான்.”

“அவளயே வரையச் சொல்லேன் மயிலையும்.”

வசந்தா நடுவில் புகுந்து, “விடுய்யா, கல்யாணப் பொண்ணு ஆசப்படுது, சின்னப் புள்ள மாதிரி மல்லுக்கு நிக்கிற” என்றாள். நான் எழுந்து கை கழுவிவிட்டேன். மகள் வங்கியில் வேலை பார்க்கிறாள், கல்யாணம் ஆகப் போகிறது, இன்னமும் என் மேசையைத் தாண்டித்தான் போகிறாள் என்று நினைத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஸ்டெல்லா எழுதினாள். எழுதி முடித்து என் மேசையில் வைத்துவிட்டு, “வாசிச்சிடுங்க ண்ணா” என்று சொல்லித் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். பழனி வாசலில் நின்றான்.

நான் ஸ்கேலை வைத்தேன். ள். ரு. அ. அவ்வளவுதான் மாப்பிள்ளை. மூன்றே எழுத்தில் பெயர் வைத்த சம்பந்தி மேல் எனக்குக் கோபம் வந்தது. ஞானப்பிரகாசம் என்று வைத்திருந்தால் அவள் எங்கேயாவது சறுக்க ஒரு வழியாவது இருந்திருக்கும். பா. ஷீ. ஒன்றும் இல்லை. மறுபடி வாசித்தேன். கட்டங்களை எண்ணினேன். எழுத்துக்கு எழுத்து இடைவெளி பார்த்தேன். ஷீயின் சுழியில் ஒரு கட்டம் கூடவோ குறையவோ இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்த்தேன். “என்ன மனோகரா, பைபிளா வாசிக்கிற?” என்றார் மாஸ்டர். சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டேன். கை போகவில்லை. என் மகள் பெயரில்கூட இவள் எனக்கு ஒரு தப்பு விட்டு வைக்கவில்லையே என்று ஆத்திரமாக இருந்தது.

அந்த ஆத்திரத்தில்தான் தாளை எடுத்துக்கொண்டு எழுந்தேன். புடவை முந்தானையைப் போல அதை என் இடது தோளில் போட்டுக்கொண்டு, “பழனி, முதுகுப் பக்கம் வந்து படிடா” என்றேன். பழனி என்னைப் பைத்தியம் பிடித்தவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். பிறகு பின்னால் வந்து நின்று, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்தான்.

“தலகீழா கீது ண்ணா.”

எங்கள் ரூமில் முந்தானைக்கு வரையும் தாளில் முந்தானையின் ஓரம் மேலே இருக்கும். அந்த ஓரம்தான் கட்டும்போது கீழே தொங்கும். அதனால் முந்தானை மயிலை நான் எப்போதும் தாளில் தலைகீழாகத்தான் வரைவேன், அது பழக்கத்தில் தானாக வந்துவிடும். ஸ்டெல்லா அதுவரை முந்தானைக்கு எழுதியதில்லை. பிளவுஸ் முதுகுக்கு எழுதுவதைப்போல நேராக எழுதிவிட்டாள். ஒரு எழுத்தும் பிழை இல்லை. ஆனால் அப்படியே நெய்திருந்தால் ஷீபா பலிபீடத்துக்கு முன்னால் நிற்கும்போது பின்னால் இருக்கும் மொத்தச் சபையும் கழுத்தைத் திருகிக்கொண்டு படித்திருக்கும்.

மாஸ்டர் எழுந்து வந்தார். என் முதுகில் தொங்கிய தாளைத் தடவிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டார். ஸ்டெல்லாவின் தாளுக்கு அவர் கண்ணாடி கழன்றது அன்றுதான். எனக்கு உள்ளே பட்டாசு வெடித்தது. உண்மையைச் சொன்னால், மகளின் புடவை தப்பித்தது என்ற நினைப்பு எனக்கு இரண்டாவதாகத்தான் வந்தது.

ஸ்டெல்லா வாயில் கை வைத்துக்கொண்டு, “ஐயோ, ஆமா ண்ணா. நல்ல வேளை பாத்தீங்க” என்றாள். எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தால் எனக்கு இன்னும் நன்றாக இருந்திருக்கும். அதுவும் பேசவில்லை. உட்கார்ந்து புதுத் தாளில் திருப்பி எழுதிக்கொடுத்தாள். நான் வாசித்தேன், தோளில் போட்டுக் காட்டினேன், புள்ளி வைத்தேன்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. சாப்பாட்டுப் பந்தலில் ஷீபாவைச் சுற்றிப் பெண்கள் கூட்டம். மாப்பிள்ளையின் பெரியம்மா முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு, “எழுத்து இன்னாமா கீது! யாரு எழுதினது, அப்பாவா?” என்று கேட்டார்.

“ஸ்டெல்லா அத்தை எழுதினாங்க” என்றாள் ஷீபா. ஸ்டெல்லா பக்கத்தில்தான் நின்றாள். நான் பிரியாணித் தட்டைத் தள்ளி வைத்தேன்.

“ஏன், உங்கப்பா அந்த வேலதான பாக்கறாரு?”

“அப்பா எழுதினா அத்தைதான் வாசிக்கணும். அப்பா தன் பொண்ணுக்கு ஆசையா எழுதினதுல தப்பு சொல்ல அத்தைக்கு மனசு வருமா? ஒரு தடவ பாத்துட்டுப் புள்ளி வச்சிடுவாங்க. அத்தை எழுதினா அப்பாவுக்கு வயிறு எரியும். தப்பு கெடைக்கற வரைக்கும் வுடமாட்டாரு. என் புடவைக்கு அப்பாவத் தவிர வேற யாரையும் நம்பமாட்டேன்னுதான் அத்தைய எழுதச் சொன்னேன்.”

“யாருக்கு வயிறு எரியுது?” என்று நான் எழுந்தேன்.

“உக்காருங்க ண்ணா” என்றாள் ஸ்டெல்லா. “ரூம்ல எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.”

நான் மாஸ்டரைப் பார்த்தேன். அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், “பொறாமை இல்லாதவன் வாசிச்சா புடவை உருப்படுமா? பின்ன உன்ன எதுக்கு அங்க உக்கார வச்சேன்?” என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். வசந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். ஷீபா சிரிப்பை அடக்க முடியாமல் ஸ்டெல்லாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். என் தோளும் பக்கத்தில் சும்மாதான் இருந்தது.